லாபம் எவ்வளவு என்று போடுகிறீர்கள், ஆலை யார் காசில் எழுந்தது என்று போடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் பிரிப்பது வணிகப் பக்கத்தைத்தான். சென்ற வாரம் அதில் ஒரு மருந்து நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்திருந்தது. நிகர லாபம் இத்தனை சதவீதம் உயர்வு, புதிய ஆலைக்கு இத்தனை கோடி முதலீடு, பங்கு விலை ஏற்றம் என்று ஏழு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த முதலீட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது, கடனா, கையிருப்பா, ஆலை கட்டி முடித்து எத்தனை வருஷம் கழித்து அதிலிருந்து முதல் ரூபாய் உள்ளே வரும், இது எதுவும் அந்த ஏழு வரியில் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபத்திரண்டு வருஷம் செங்கல்பட்டு வட்டாரத்துப் பல்க் டிரக் கம்பெனிகளில், அதாவது மருந்தின் மூலப்பொருளைச் செய்கிற கம்பெனிகளில், கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். மருந்துக் கம்பெனி என்றால் எல்லோருக்கும் மாத்திரை அட்டைதான் நினைவுக்கு வரும், எனக்கு ரியாக்டரும் சென்ட்ரிஃபியூஜும் அவற்றுக்கு வந்த பில்களும்தான் வரும். இந்தத் தொழிலில் முதலீடு என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அறிவிப்பு வந்த அன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நம் பத்திரிகைகள் எல்லாமே அதை நல்ல செய்தி என்றே போடுகின்றன. அதைப் படித்துவிட்டுப் பங்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், ஓய்வூதியப் பணத்தைப் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளலாம். திருப்போரூர் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில் ஆலத்தூர் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கேதான் ஆர்க்கிட் கெமிக்கல்ஸ் வளர்ந்தது. ராகவேந்திர ராவ் 1992ல் தொடங்கி, 1994ல் உற்பத்திக்கு வந்த நிறுவனம். செஃபலோஸ்போரின் என்கிற ஆன்டிபயாடிக் குடும்பத்தின் மூலப்பொருளைச் செய்து ஏற்றுமதி செய்தார்கள். ஆஸ்பத்திரியில் போடுகிற செஃப்ட்ரையாக்சோன் ஊசி, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எழுதிக் கொடுக்கிற செஃபிக்ஸிம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாட்டிலேயே இந்த மருந்து வகையில் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். சோழிங்கநல்லூரில் ஆராய்ச்சிக்கூடம், இருங்காட்டுக்கோட்டையில் மாத்திரை, ஊசி மருந்து ஆலைகள், மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத்தில் இன்னொரு ஆலை என்று விரிந்தது. அந்த வருஷங்களில் அந்தத் தொழிற்பேட்டைச் சாலையில் போகிற எங்களைப் போன்ற சின்னக் கம்பெனி ஆட்களுக்கு அந்தக் காம்பவுண்டைப் பார்த்தாலே ஒரு மரியாதை. நான் அதை மறைக்க விரும்பவில்லை, அங்கே இருந்த விஞ்ஞானிகள் சாதாரண ஆட்கள் இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

செஃபலோஸ்போரின் ஆலையில் ஒரு விசேஷம் உண்டு, வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. பென்சிலின் வகைக்குச் சிலருக்கு ஒவ்வாமை இருப்பதால், அந்தத் தூள் ஒரு துளி வேறு மருந்தில் கலந்தாலும் ஆபத்து. ஆகவே பென்சிலினுக்குத் தனிக் கட்டடம், செஃபலோஸ்போரினுக்குத் தனிக் கட்டடம், பெனெம் என்கிற இன்னொரு ஆன்டிபயாடிக் வகைக்குத் தனிக் கட்டடம். காற்றோட்டக் கருவி தனி, ஆட்கள் உடை மாற்றும் அறை தனி, எல்லாமே தனி. ஒரு செஃபலோஸ்போரின் பிளாக்கைக் கட்டிவிட்டு, சந்தை சரியில்லை, சரி, சர்க்கரை நோய் மாத்திரை போடலாம் என்று மாற்ற முடியாது. பஞ்சாலைக்காரர் நூல் ரகத்தை மாற்றுவார், பேருந்து வாங்கியவர் வேறு ரூட்டில் ஓட்டுவார், இங்கே அந்தக் கதவு கிடையாது. போட்ட பணம் போட்ட இடத்திலேயே நிற்கும்.

அப்புறம் காலம். கட்டடம் முடிந்து மெஷின் வந்து இறங்கியதும் விற்பனை தொடங்கிவிடாது. முதலில் வேலிடேஷன் பேட்ச் மூன்று ஓட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே தரத்தில் மருந்து வருகிறது என்று நிரூபிக்கிற சோதனை உற்பத்தி அது. அந்த மருந்தை 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் ஆறு மாதம் வைத்து, கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தகவலோடு அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ மனுப் போட வேண்டும், பிறகு அவர்கள் ஆய்வுக்கு வர வேண்டும், வந்தால் குறை சொல்லாமல் போக வேண்டும். இரண்டு வருஷம் ஆவது சகஜம், மூன்றானதும் உண்டு. வங்கி வட்டிக்கு இந்தக் காரணம் எல்லாம் தெரியாது, அது ஒவ்வொரு மாதமும் கடைசித் தேதியில் பிடித்துக்கொள்ளும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2009ல் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், கடன் வாங்கி ஒரு புது பிளாக் கட்டியது. திறப்பு விழாவுக்கு வாழை மரம் கட்டி, வாசலில் தேங்காய் உடைத்தோம். அதற்குப் பிறகு பதினாலு மாதம் அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு கிலோ சரக்குகூட விற்பனைக்குப் போகவில்லை. நான் மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்க உள்ளே போவேன். புது ஸ்டீல் ரியாக்டர்கள் பாலித்தீன் சுற்றியபடியே வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் அட்டை தொங்கும், அதில் நீல மையில் 'வேலிடேஷன் நிலுவை' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. ஆள் நடமாட்டம் இருக்காது. ஆனால் மேலே ஏ.எச்.யூ. என்கிற காற்றோட்டக் கருவி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கிளீன் ரூமில் காற்றை நிறுத்தினால் தூசியும் ஈரமும் புகுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து சுத்தம் செய்து சோதனை போட வேண்டும், அதனால் உற்பத்தி இல்லாத ஆலைக்கும் இரவு பகலாகக் குளிர்காற்று ஓட்டியாக வேண்டும். அதே சமயத்தில்தான் தமிழ்நாட்டில் மின்வெட்டு. 2008 நவம்பரிலிருந்து உயரழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு போட்டிருந்தார்கள். ஆகவே டீசல். ஒன்றும் செய்யாத ஒரு கட்டடத்தைக் குளிர வைக்க எத்தனை பேரல் டீசல் எரித்தோம் என்று நான் கையால் எழுதிய ரிஜிஸ்டர் அது, இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அந்தப் பதினாலு மாதமும் எங்கள் லாப நஷ்டக் கணக்கில் அந்த பிளாக்கின் வட்டி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கணக்கு விதிப்படி, ஆலை பயன்பாட்டுக்குத் தயார் ஆகும் வரை அதற்கு வாங்கிய கடனின் வட்டியைச் செலவாக எழுத வேண்டியதில்லை, ஆலையின் விலையோடு கூட்டிக்கொள்ளலாம். 'நடப்பில் உள்ள மூலதனப் பணி' என்று இருப்புநிலைக் குறிப்பில் ஒரு வரி இருக்கும், அதில் போய்ச் சேரும். தேய்மானமும் கிடையாது. விதி அதற்கு இடம் கொடுக்கிறது, அது சரியான விதிதான், கட்டும்போதே நஷ்டம் காட்டினால் யாரும் எதையும் கட்ட மாட்டார்கள். ஆனால் 'தயார்' என்று எந்தத் தேதியைச் சொல்வது என்பது நிர்வாகத்தின் கையில் நிறைய இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் அந்தத் தேதியை மூன்று தடவை தள்ளிப்போட்டார்கள், அதற்கான குறிப்பை டைப் அடித்தவன் நான். அந்த வருஷம் லாபம் ஒழுங்காகத்தான் தெரிந்தது, கம்பெனியில் சம்பளம்தான் இரண்டு வாரம் தாமதமாக வந்தது. லாபம் இருக்கிற கம்பெனியில் சம்பளத்துக்குக் காசு இல்லாமல் எப்படிப் போகும் என்று ஷிப்ட் ஆட்கள் வந்து கேட்டார்கள், நியாயமான கேள்வி. கடைசியில் அந்த பிளாக்கை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

ஆர்க்கிட் கதைக்குத் திரும்புகிறேன். இது முழுக்கப் பொதுவெளியில் இருக்கிற விஷயம், நான் எதையும் புதிதாகச் சொல்லவில்லை. விரிவாக்கத்துக்குப் பணம் வேண்டும். உள்ளே வருகிற லாபம் போதாது, ஆகவே கடன். 2007ல் வெளிநாட்டில் 175 மில்லியன் டாலருக்கு, பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய பத்திரம் வெளியிட்டார்கள். அந்த வருஷங்களில் இந்தியக் கம்பெனிகள் பலவும் இதைச் செய்தன. பத்திரத்துக்கு வருஷா வருஷம் வட்டி இல்லை. பங்கு விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் கடன் கொடுத்தவர் பங்காக மாற்றிக்கொள்வார், போகாவிட்டால் ஐந்து வருஷம் கழித்து அசலையும் அதற்கு மேல் ஒரு பெரிய தொகையையும் டாலரில் எண்ணிக் கொடுக்க வேண்டும். வட்டி இல்லாத கடன் என்று அப்போது நம் ஊரில் பலரும் பாராட்டிப் பேசினார்கள். அந்த மேல்தொகை வட்டிதான், வேறு பெயரில் வருகிற வட்டி. அன்றைய கம்பெனிச் சட்டப்படி அதை லாபக் கணக்கில் கழிக்காமல் பங்கு முனைமக் கணக்கில், அதாவது பங்கை முகமதிப்புக்கு மேல் விற்றுச் சேர்ந்த தொகையில், கழிக்க இடம் இருந்தது, பல கம்பெனிகள் அப்படித்தான் செய்தன. அப்படிச் செய்த கம்பெனிகளின் லாப வரியை மட்டும் படித்தவருக்கு ஐந்து வருஷமும் அந்தக் கடன் கண்ணிலேயே பட்டிருக்காது.

பங்கு விலை ஏறவில்லை. 2008 மார்ச்சில் அமெரிக்காவில் பேர் ஸ்டேர்ன்ஸ் என்கிற முதலீட்டு வங்கி சரிந்த அதே நேரத்தில் இங்கே ஆர்க்கிட் பங்கும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. நிறுவனர் கடன் வாங்கிப் பிடித்து வைத்திருந்த பங்குகள் சந்தையில் விற்கப்பட்டன. அடுத்த மாதமே ரான்பாக்ஸி என்கிற பெரிய மருந்து நிறுவனத்தின் தரப்பிலிருந்து ஒரு நிறுவனம் பெரிய பங்கை வாங்கியது. பத்திரத்தில் ஒரு பகுதியை ஆர்க்கிட் இடையிலே திரும்ப வாங்கியது, மீதி 2012 பிப்ரவரியில் கழுத்துக்கு வந்து நின்றது. 2007ல் பத்திரம் போட்டபோது டாலர் 44 ரூபாய் பக்கம், திருப்பிக் கொடுக்கும்போது 49 பக்கம். அதை அடைக்க மறுபடியும் கடன்தான் வாங்கினார்கள்.

நடுவில் 2009 டிசம்பரில் ஊசி மருந்துப் பிரிவை அமெரிக்காவின் ஹோஸ்பிரா நிறுவனத்துக்கு 400 மில்லியன் டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள், 2010 மார்ச்சில் அது முடிந்தது. அன்றைய மதிப்பில் 1,800 கோடி ரூபாய்க்கு மேல். அந்தச் செய்தியைத் தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லாம் வெற்றி என்று எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பணம் பெரிய பணம்தான். ஆனால் அது ஒரு தடவை வருகிற பணம், அந்த ஆலை வருஷா வருஷம் கொடுத்த வருமானம் அதோடு போனது. பிறகு 2012 ஆகஸ்டில் அவுரங்காபாத்தின் பென்சிலின், பெனெம் மூலப்பொருள் பிரிவையும் சென்னையில் ஒரு ஆராய்ச்சிப் பிரிவையும் அதே ஹோஸ்பிராவுக்கு விற்க ஒப்பந்தம், 2014ல் 218 மில்லியன் டாலருக்கு முடிந்தது. கடன் வாங்கிக் கட்டியதில் நன்றாக ஓடுவதை விற்று, கட்டுவதற்கு வாங்கிய கடனை அடைப்பது. ஒரு குடும்பத்தில் இப்படி நடந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே புரிந்துவிடும், நெல் விளைகிற நிலத்தை விற்றுத் தரிசுக்கு வாங்கிய கடனை அடைக்கிறார்கள் என்று. கம்பெனி செய்தால் நாம் வேறு பெயர் வைக்கிறோம்.

மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். வங்கிகள் கடனை மறுசீரமைத்துப் பார்த்தன, முடியவில்லை. 2017 ஆகஸ்டில் லட்சுமி விலாஸ் வங்கி போட்ட மனுவின் பேரில் சென்னைத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை தொடங்கியது. வங்கிகள் கோரிய தொகை 3,000 கோடிக்கு மேல். முதலில் வாங்க வந்த இன்ஜென் கேபிடல் பணத்தைக் கட்டவில்லை. பிறகு தனுகா லேபரட்டரீஸ் ஆயிரத்துச் சொச்சம் கோடிக்கு முன்வந்தது. கலைத்து விற்றால் கிடைக்கும் மதிப்பைவிட இது குறைவு என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்ய, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டமே செல்லும் என்றது. அந்த மார்ச் கடைசியில் நிறுவனம் கை மாறியது.

பங்கு வைத்திருந்தவர்கள் கதையை எந்தப் பத்திரிகையும் சரியாக எழுதவில்லை என்பது என் வருத்தம். கை மாறிய பிறகு புது உரிமையாளரிடம் ஏறக்குறைய 98 சதவீதம், பழைய பொதுப் பங்குதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நூற்றுக்கணக்கில் பங்கு வைத்திருந்தவர் கையில் ஒன்றோ இரண்டோ நின்றிருக்கும். 2020 நவம்பரில் பங்கு மறுபடி சந்தைக்கு வந்தது, 18 ரூபாயில். ஐந்தே மாதத்தில் 2,000 ரூபாயைத் தாண்டியது. உடனே எல்லாப் பத்திரிகையிலும் 'நூறு மடங்கு' என்கிற மாதிரித் தலைப்புகள். சந்தையில் விற்க ஆளே இல்லை, விற்கக்கூடிய பங்கே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அதனால் ஒரு நாளில் ஏற அனுமதித்த மேல் வரம்பைத் தினமும் தொட்டது, நிறுவனத்தின் கணக்கில் அதற்கு ஒரு காரணமும் இல்லை. அடுத்த ஆண்டு, திவாலிலிருந்து மீண்டு சந்தைக்கு வரும் கம்பெனியில் குறைந்தது 5 சதவீதமாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று விதியே மாற்ற வேண்டி வந்தது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆர்க்கிட்டைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோன லட்சுமி விலாஸ் வங்கி, 1926ல் கரூரில் பிறந்த வங்கி, அதே 2020 நவம்பரில் டிபிஎஸ் என்கிற சிங்கப்பூர் வங்கியின் இந்தியப் பிரிவோடு சேர்க்கப்பட்டு இல்லாமல் போனது. அதன் பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சவில்லை. கரூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பங்கு அது. கடன் வாங்கியவர், கொடுத்தவர் இரண்டு பக்கமும் கடைசியில் நின்றது சாதாரண ஜனம்.

விஞ்ஞானிகளுக்கு வருகிறேன் என்றேன். இத்தனை களேபரத்துக்கு நடுவில் ஆர்க்கிட்டின் சென்னை ஆராய்ச்சிக்கூடத்தில் என்மெட்டாசோபாக்டம் என்று ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்திருந்தார்கள், மருந்துக்கு அடங்காத கிருமிகளின் எதிர்ப்பை உடைக்கிற பொருள். அதைக் கடைசிக் கட்டம் வரை கொண்டுபோகக் கையில் பணம் இல்லை, அல்லெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனத்துக்கு உரிமத்தைக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதற்கு ஒப்புதல் கொடுத்தது. இந்தியாவில் கண்டுபிடித்து அங்கே ஒப்புதல் வாங்கிய முதல் புது மூலக்கூறு என்று அதைச் சொல்கிறார்கள். அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையில் தேடினேன், கிடைக்கவில்லை. கட்டடங்களில் கொட்டிய பணத்தில் ஒரு பகுதி அந்த ஆராய்ச்சிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், எனக்கு மனசு ஆறவில்லை.

கடன் வாங்குவதே தப்பு, ஆலை கட்டுவதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைதராபாத் டிவிஸ் லேபரட்டரீஸைப் பாருங்கள். அவர்களும் நூற்றுக்கணக்கான கோடி, பிறகு ஆயிரக்கணக்கான கோடி ஆலைகளில்தான் போட்டார்கள், பெரும்பாலும் தங்கள் சொந்த லாபத்திலிருந்து, கடன் ஏறக்குறைய இல்லாமல். 2017 மார்ச்சில் அவர்களுடைய விசாகப்பட்டினம் ஆலைக்கு அமெரிக்கா இறக்குமதி எச்சரிக்கை விதித்தது, அதாவது அந்த ஆலைச் சரக்கை எல்லையிலேயே தடுக்கலாம் என்கிற உத்தரவு. பங்கு விழுந்தது, லாபம் குறைந்தது. ஆனால் தவணை கேட்டு வாசலில் நிற்க வங்கி இல்லை, ஆகவே குறையைச் சரி செய்ய அவகாசம் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எச்சரிக்கை நீங்கியது. காக்கிநாடா அருகே அவர்கள் கட்டிய மூன்றாவது ஆலை நிலப் பிரச்சினையில் பல வருஷம் இழுத்து, 2025 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது. அந்த இழுபறியைக் கடனில் நிற்கிற கம்பெனி தாங்கியிருக்காது. இரண்டு கம்பெனியின் அறிவிப்பும் உங்கள் பக்கத்தில் ஒரே மாதிரி ஏழு வரியில் வரும் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது மறுபடியும் முதலீட்டுக் காலம் வந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். மருந்து மூலப்பொருளுக்குச் சீனாவையே நம்பியிருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2020ல் 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் நொதித்தல் முறையில் செய்யும் பொருள்களுக்கு விற்பனையில் முதல் நாலு வருஷம் 20 சதவீதம், ஐந்தாவது வருஷம் 15, ஆறாவது வருஷம் 5 என்று ஊக்கத்தொகை. அரபிந்தோ பார்மா காக்கிநாடாவில் பென்சிலின் மருந்துகளின் மூலப்பொருளான பென்சிலின்-ஜிக்கு, வருஷத்துக்கு 15,000 டன் செய்கிற ஆலை கட்டியது, 2,000 கோடிக்கு மேல் செலவு, 2024 அக்டோபரில் பிரதமர் திறந்து வைத்தார். புது நிர்வாகத்தில் உள்ள ஆர்க்கிட் 7-ஏசிஏ என்கிற பொருளுக்கு ஜம்முவில் ஆலை போடுகிறது. செஃபலோஸ்போரின் பெரும்பாலானவற்றுக்கும் அதுதான் அடிமண், இத்தனை வருஷமும் சீனாவிலிருந்துதான் வந்தது. அதற்காக 2023ல் பெரிய முதலீட்டாளர்களுக்குப் பங்கு விற்று 400 கோடி திரட்டினார்கள். இந்தத் தடவை கடனை மட்டும் நம்பாமல் பங்கு மூலமாகத் திரட்டியது எனக்கு ஆறுதல் தருகிறது. விற்பனையும் 2023-24ல் 800 கோடியைத் தாண்டியது, லாபமும் வந்திருக்கிறது. நல்லபடியாக வரட்டும், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் நொதித்தல் ஆலை என்பது சாதாரண விஷயம் இல்லை, நம்மைவிட இது யாருக்குத் தெரியும். கடலூர் சிப்காட்டில் ஸ்பிக்கும் ஜே.கே. பார்மாகெமும் பென்சிலின்-ஜி செய்துகொண்டிருந்தன. பெரிய ஃபெர்மென்டரில் பூஞ்சையை வளர்த்து, சர்க்கரைக் கரைசல் ஊட்டி, நாள்கணக்கில் காற்றைச் செலுத்தி, கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் வேறு கிருமி புகுந்தால் அந்தத் தொட்டி முழுக்கச் சாக்கடைக்குத்தான். மின்சாரமும் சர்க்கரையும் நீராவியும்தான் அதன் செலவு. சீனச் சரக்கு பாதி விலைக்கு வந்து இறங்க, கடலூரில் அந்த உற்பத்தி நின்றது, நாட்டின் மற்ற ஆலைகளிலும் நின்றது. அங்கே வேலை பார்த்து, பிறகு எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு சூப்பர்வைசர் இருந்தார், ஃபெர்மென்டர் மணத்தை வைத்தே பேட்ச் நன்றாகப் போகிறதா என்று சொல்லிவிடுவேன் என்பார். எங்களிடம் ஃபெர்மென்டரே கிடையாது, அவர் சால்வென்ட் டிரம்களை எண்ணிக்கொண்டு ரிட்டயர் ஆனார். அந்த மாதிரிக் கை தேர்ந்தவர்கள் ஒரு தலைமுறையே கலைந்துபோனது. புது ஆலைக்காரர்கள் மெஷினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அந்தக் கையை எங்கே போய் வாங்குவது? அதுவும் முதலீட்டுச் செலவுதான், எந்த அறிவிப்பிலும் வராது. இப்போதே பென்சிலின்-ஜி விலையைச் சீனத் தரப்பு இறக்கிக்கொண்டே போனதால், குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஆலை கட்ட முடிவெடுத்தபோது இருந்த விலை வேறு, ஆலை ஓடும்போது இருக்கும் விலை வேறு. ஊக்கத்தொகை ஆறு வருஷத்தில் முடிந்துவிடும், ஆலை இருபது வருஷம் ஓட வேண்டும்.

இதை எல்லாம் எழுதி நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பட்டியலில் உள்ள கம்பெனிகள் ஜூன், டிசம்பர் காலாண்டுக்கு லாபக் கணக்கை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் செப்டம்பர், மார்ச் கணக்கோடு இருப்புநிலைக் குறிப்பையும் ரொக்க ஓட்ட அறிக்கையையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதி. அதே பிடிஎஃப்பில் நாலாவது, ஐந்தாவது பக்கத்தில் இருக்கும், உங்கள் நிருபர் இன்னும் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தால் போதும். தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவு, ஆலைக்கும் கருவிக்கும் போன ரொக்கம் எவ்வளவு, மொத்தக் கடன் சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா, இந்த மூன்றையும் நிகர லாபத்துக்குக் கீழே போடுங்கள். முடிந்தால் 'நடப்பில் உள்ள மூலதனப் பணி' எவ்வளவு, அது எத்தனை வருஷமாக அப்படியே நிற்கிறது என்றும் போடுங்கள். இப்போது ஆண்டறிக்கையில் அதை ஒரு வருஷத்துக்குள், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றுக்கு மேல் என்று வயது பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் அந்த விதி இருந்திருந்தால், எங்கள் பிளாக்கின் மஞ்சள் அட்டை வெளியில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

மருந்துக் கம்பெனி என்றால் இன்னும் ஒரு வரி வேண்டும். ஆலை திறப்பு விழாச் செய்தியைப் போடும்போது, எந்த நாட்டு ஒப்புதல் கைக்கு வந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று கம்பெனியைக் கேட்டுப் போடுங்கள். கேட்டால் சொல்வார்கள், இதில் ரகசியம் எதுவும் இல்லை, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

தமிழில் வணிகச் செய்தி படிப்பவர்கள் ஆங்கிலப் பத்திரிகை வாங்குபவர்களைவிடக் கணக்கில் குறைந்தவர்கள் இல்லை. எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் தினமும் இரவு கல்லாவை எண்ணிவிட்டுத்தான் படுப்பார், சரக்குக் கொடுத்தவருக்கு எவ்வளவு பாக்கி என்று அவருக்குத் தெரியும், லாபம் என்கிற வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கடை நடத்தவில்லை. அவர் மகளின் கல்யாணத்துக்கென்று மாதா மாதம் ஒரு மருந்துக் கம்பெனிப் பங்கில் பணம் போடுகிறார். அது எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரிண்ட் எடுத்துப் போய், கடையில் பருப்பு மூட்டை மேலேயே விரித்து வைத்து, ரொக்க ஓட்டப் பக்கத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கி இரண்டு எண்ணைச் சுழித்தார். "அண்ணே, தொழில்ல வந்ததைவிட ஆலைக்குப் போனது ரெண்டு மடங்கு இருக்கே, மீதி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் கணக்குகள் நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். அதிலிருந்தே தொடங்கலாமே.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
கேளம்பாக்கம்.